அகலக் காலுக்கு அகல டயர்

ஷூ கம்பெனியில் வேலை செய்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. யாரைப் பார்த்தாலும் முகத்துக்கு முன்னால் காலைப் பார்ப்போம். கல்யாண வீட்டில், பஸ்ஸில், ஏன் ஆஸ்பத்திரியில்கூட, "இது ஏழு, அகலக் கால்" என்று மனசு தானாகச் சொல்லிவிடும். ஆம்பூரில் ஒரு கம்பெனியின் சாம்பிள் பிரிவில் இருந்த எனக்கு இந்த வியாதி முற்றிப்போய், கார் டயரையும் காலணியாகப் பார்க்கும் கட்டத்துக்கு வந்துவிட்டது.

அப்போது மாதனூரில் எங்கள் வீட்டுக்கு ஒரு பழைய கார் வந்திருந்தது. லைசென்ஸ் எனக்கு மட்டும்தான். (அப்பா ஓட்டிப் பழகியது டிராக்டர். அவர் காரை எடுத்தால் ரோட்டை உழுவது போலிருக்கும்.) அதே சமயத்தில் எனக்கு ஒரு சம்பந்தமும் கூடி வந்தது. எங்கள் கம்பெனியில் குவாலிட்டி பார்த்த பிரகாஷை எனக்குப் பிடித்திருந்தது, அவருக்கும் என்னை. மீதி இருந்தது அவருடைய அம்மாவின் சம்மதம். "பொண்ண நேர்ல பாத்து என் மனசுக்குப் புடிச்சாத்தான்" என்று ஜோலார்பேட்டையில் அவர் ஒரே பிடியாக இருந்தார்.

பெண் பார்க்க வருகிறவர்களை நானே காரில் அழைத்து வருகிறேன் என்றேன்.

"பொண்ணே போய் கூட்டினு வர்றதா? ஊரு இன்னாடி சொல்லும்?" என்று அம்மா தலையில் கை வைத்தாள். ஊரைப் பற்றி யாருக்குக் கவலை? வருங்கால மாமியாருக்கு என் சாமர்த்தியம் தெரிய வேண்டாமா?

பின்பக்க டயர்கள் இரண்டும் தேய்ந்து மொழுக்கென்று இருந்தன. மாற்றப் போனேன். பழைய டயரின் பக்கவாட்டில் 155/70 R13 என்று இருந்தது. கடைக்காரர் பொறுமையாக விளக்கினார். முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். அடுத்தது பக்கச்சுவரின் உயரம், அந்த அகலத்தில் நூற்றுக்கு எழுபது பங்கு. R என்றால் ரேடியல், டயரின் உட்கட்டு வகை. கடைசி எண் உள்ளே இருக்கும் ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. யாரிடம் அளவு பாடம் எடுக்கிறார்! பதிமூன்று என்பது கால் அளவு, அதில் கை வைக்கக் கூடாது. மற்ற இரண்டும் வெறும் ஃபிட்டிங். ஐந்து பேர் ஏறப்போகும் வண்டி. பாரம் ஏறினால் சாயங்காலம் கால் வீங்கும், கொஞ்சம் இடம் வேண்டும்.

"175/80 R13 போடுங்கண்ணா. தாராளமா இருக்கட்டும்."

"வண்டிக்குச் சொன்ன அளவு இது இல்லம்மா. ஜாஸ்தி ஆயிடும். உரசும்."

"டைட்டா இருந்தாத்தான்ணா கடிக்கும். லூசா இருந்தா சொகம்."

அவர் என் முகத்தை ஒருமுறை பார்த்தார். "உங்க வண்டி, உங்க இஷ்டம்" என்று மாட்டிக் கொடுத்தார். வண்டி ஹை ஹீல்ஸ் போட்டதுபோல் பின்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது.

"இன்னாம்மா, வண்டி தலைய குனிஞ்சிகினு நிக்குது?" என்றார் அப்பா.

"பொண்ணு பாக்க வர்றாங்க இல்லப்பா, வெக்கப்படுது" என்றேன்.

உள்ளே கால் இல்லாத ஷூவைப் பார்த்து ஃபிட்டிங் சொல்லாதே என்று சாம்பிள் பிரிவில் தினமும் கத்துகிறவள் நான். அன்று காலி வண்டியை ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்து நானே பாஸ் போட்டேன்.

சனிக்கிழமை மதியம் ஜோலார்பேட்டையில் நான்கு பேர் ஏறினார்கள். முன் சீட்டில் பிரகாஷின் அப்பா, ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்ற மாமா. பின்னால் அத்தை, பிரகாஷ், அவருடைய சித்தப்பா. (சித்தப்பா ஒருவரே இரண்டு பேர்.) மடியில் பழத்தட்டுகள். முதல் வேகத்தடையில் பின்னாலிருந்து கர்ர்ர் என்றது.

"இன்னா சத்தம்?" என்றார் அத்தை.

"ரோடு சரியில்ல அத்தை."

நெடுஞ்சாலையில் ரோடு கண்ணாடி மாதிரி இருந்தது. அங்கேயும் கர்ர்ர். ஆம்பூரைத் தாண்டியதும் மாமா மூக்கை உறிஞ்சினார். "சக்கரம் சூடாவுதும்மா. எங்க வண்டியா இருந்தா இந்நேரம் செவப்புக் கொடி காட்டியிருப்பேன்."

ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தேன். பாரத்தில் வண்டி பின்னால் அமுங்கி, டயர்கள் மட்கார்டில் உரசிப் புகைந்துகொண்டிருந்தன. இரண்டு பேர் இறங்கினால்தான் வண்டி நகரும். மாப்பிள்ளை வீட்டாரில் யாரைப் பார்த்து "நீங்க ஜாஸ்தி" என்று சொல்வது? என் கண் தானாகச் சித்தப்பா பக்கம் போனது. "நான் காலைலேர்ந்து சாப்புடவே இல்ல" என்றார் அவர். என் கல்யாணம் அந்த டயரோடு சேர்ந்து கருகுகிறது என்றே நினைத்தேன்.

அப்போது பின்னாலிருந்து நீளமாக ஹாரன். ஷிஃப்ட் முடிந்து ஆட்களை மாதனூரில் இறக்கப் போகும் எங்கள் கம்பெனி பஸ்! ஜன்னலுக்கு ஜன்னல் தலைகள்.

"ஏய் மஞ்சு! பட்டுப்பொடவையில இங்க இன்னாடி பண்ற? மாப்ள வூட்டுக்காரங்களா? ஏறுங்கம்மா, ஏறுங்க!"

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தையையும் சித்தப்பாவையும் தட்டோடு ஏற்றிக்கொண்டு பஸ் கிளம்பிவிட்டது. பாரம் குறைந்த காரில் பின்னாலேயே போனேன். பஸ்ஸின் பின் கண்ணாடியில் அத்தையின் தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக்கொண்டே இருந்தது. எல்லா வாய்களும் அசைந்தன. அந்த பஸ்ஸுக்குத் தெரியாத என் ரகசியம் ஒன்றும் கிடையாது.

"இன்னா சொல்லிக்கினு இருப்பாங்க?" என்று பிரகாஷிடம் முணுமுணுத்தேன்.

"உண்மைய" என்றார். ஆறுதல் சொல்ல அவரை விட்டால் ஆளில்லை.

வீட்டு முனையில் பஸ் நின்றது. யாரோ வைத்துவிட்ட மல்லிகைப்பூவோடு அத்தை சிரித்தபடி இறங்கினார். நேராக என் அம்மாவிடம் போனார்.

"பஸ்ஸு முழுக்க சொல்லிட்டாங்க. உங்க பொண்ணு கோவக்காரியாம். யார் சொன்னாலும் கேக்க மாட்டாளாம். ஆனா பக்கத்துல எவ அழுதாலும் இவதான் மொதல்ல போய் ஒக்காருவாளாம். எனக்கு வேற இன்னா பாக்கணும்? புடிச்சிருக்கு. திரும்பப் போறதுக்கு மட்டும் நாங்க ரயில்ல போய்க்கறோம்."

நான் சந்தோஷத்தில் காபித் தட்டோடு அழுதேன். திங்கட்கிழமை அதே கடைக்குப் போய், அதே 155/70 R13-ஐ, வாயைத் திறக்காமல் மாட்டிக்கொண்டு வந்தேன்.

இப்போது எங்களிடம் வேறு கார். ஆனால் சித்தப்பா இன்றும் கதவைப் பிடித்துக்கொண்டு, "ஏறலாமா, இல்ல பஸ்ஸுல வரட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஏறுவார். அத்தை கேட்பதே இல்லை. மாதனூருக்குப் போவதென்றால் ஆம்பூர் வரை எங்களோடு வந்து, இறங்கிக்கொண்டு, கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருப்பார். அதில் அவருக்கென்று ஒரு ஜன்னலோர சீட் இருக்கிறது.