மூடுவிழாவுக்கு நான் சேர்த்த கூட்டம்

"...அழுவுறதா இருந்தா வெளிய அஞ்சடியில போயி நின்னு அழு தம்பி, நான் ஷட்டர இறக்கணும் லா," என்றார் ஹபீபா அக்கா.

நான் அழவில்லை. (சரி, கொஞ்சம் அழுதேன்.) அத்தனை வருஷம் நடத்திய கடையை மூடுகிறவர் கண்ணில் ஈரமில்லை. வேடிக்கை பார்க்க வந்த நான் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். அன்று பகல் முழுக்க நடந்த கூத்துக்கு நான்தான் காரணம் என்பதால், முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

அக்காவின் கடை பிரிக்பீல்ட்ஸில், ரயில் நிலையத்துக்குப் போகும் வரிசையில் இருந்தது. முதலில் கேசட், பிறகு சிடி, அப்புறம் டிவிடி. கணவர் ஆரம்பித்த கடை. அவர் காலமான பிறகு அக்கா தனியாகவே நடத்தினார். ஒரு காலத்தில் தீபாவளி நெருங்கும்போது அந்தக் கடைக்குள் ஒருவர் நுழைய வேண்டுமென்றால், உள்ளே இருக்கும் ஒருவர் வெளியே வந்தாக வேண்டும். பிறகு பாட்டெல்லாம் போனுக்குள் போய்விட்டது. பக்கத்துக் கடை மூடியது, எதிர்க்கடை மூடியது, மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் கேசட் விற்றவர்கள் துணி விற்கப் போனார்கள். அக்கா மட்டும் விளக்கை எரியவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் கல்யாண வீடுகளில் மைக் பிடிக்கிறவன். பெண்ணும் மாப்பிள்ளையும் மண்டபத்துக்குள் நுழையும்போது போடுகிற பாட்டை அக்காவிடம்தான் வாங்குவேன். போன் வந்த பிறகு நானும் போவதை நிறுத்தினேன். ரயிலுக்குப் போகும்போது அக்கா கண்ணில் படாமல் இருக்க எதிர்ப்பக்கமாக நடந்த நாட்களும் உண்டு. (எனக்கு நல்ல உடம்பு. ஒளியத்தான் தூண் கிடைக்காது.)

ஒரு நாள் அக்காவே போன் செய்தார்.

"ஞாயித்துக்கிழமையோட கடைய மூடறேன் தம்பி. காஜாங்குல மகன் வீட்டுக்குப் போறேன். புதுசா கடை எடுத்த பையன் ஆறு மணிக்கு லோரில சாமானோட வந்துருவான். அதுக்குள்ள காலி பண்ணிக் குடுக்கணும்."

"ரொம்ப வருத்தமா இருக்குக்கா."

"வருத்தம் என்ன லா வருத்தம். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். கடைசி நாளும் வியாபாரம் பண்ணிட்டுத்தான் மூடணும். எவனும் வந்து துக்கம் விசாரிச்சுட்டுப் போகக்கூடாது."

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். மைக் பிடிக்கிறவனுக்கு அது வராது. "கூட்டம் என் பொறுப்புக்கா!" என்றேன்.

எனக்குத் தெரிந்த அத்தனை வாட்ஸ்அப் குழுக்களிலும் அறிவிப்புப் போட்டேன். அக்கா கடையில் வாங்கிய மிகப் பழைய கேசட்டைக் கொண்டுவருபவருக்கு தின்பண்டம் அடுக்கிய ஒரு பெரிய ஹேம்பர் கூடை பரிசு. என் கணக்கு இதுதான்: ஆள் ஒரு கேசட்டோடு வருவார், அலமாரியைப் பார்ப்பார், மனம் இளகுவார், டிவிடிகளை அள்ளிக்கொண்டு போவார். மிச்சமிருந்த சரக்கு மதியத்துக்குள் தீர்ந்துவிடும். பிரிக்பீல்ட்ஸே எழுந்து நின்று எனக்குக் கைதட்டும்.

கூட்டம் வந்தது. கிள்ளானிலிருந்தெல்லாம் வந்தது. ஆனால் ஒரு கேசட்டோடு ஒருத்தரும் வரவில்லை.

முதலில் வந்தவர் ராஜு அங்கிள், ஓய்வு பெற்ற தபால்காரர். இரண்டு கையிலும் கேசட் நிரப்பிய பெரிய பெரிய பிஸ்கட் டின். "எது பழசுன்னு எனக்குத் தெரியாது, நீயே பாத்துக்க தம்பி," என்றார். பார்த்து முடித்து டின்களைத் திருப்பி நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இருக்கட்டும் தம்பி. தூக்கிப் போட மனசு வரல. இங்கயே வச்சுக்குங்க."

அந்த "மனசு வரல"யை அன்று எத்தனை வாய்களிலிருந்து கேட்டேன்! கிள்ளானிலிருந்து ஒரு தம்பதி. காரிலிருந்து பெட்டி பெட்டியாக இறக்கினார்கள்.

"எல்லாம் கல்யாணத்துக்கு முன்னால இவரு தேடித் தேடி எனக்கு வாங்கிக் குடுத்தது," என்றார் அந்த அம்மா.

"அப்ப வீட்டுலயே வச்சுக்கயேன்," என்றார் கணவர்.

"எதுக்கு? அந்த ஆளே வீட்டுலதான இருக்காரு. அவரு அடைக்கிற இடம் பத்தாதா?"

ஒருவர் வீடியோ டெக்கையே தோளில் சுமந்து வந்தார். எல்லாரும் சுவரோரம் நின்று செல்ஃபி எடுத்தார்கள். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார்கள். அக்கா டிவிடியை எடுத்து நீட்டினால், "வீட்டுல ப்ளேயர் இல்லயேக்கா" என்று பின்வாங்கினார்கள். காலையில் பாதி காலியாக இருந்த கடை, மதியம் திரும்பியதும் நிரம்பி அஞ்சடி நடைபாதைக்கு வழிந்துவிட்டது. மூடுவிழாவில் சரக்கு இரட்டிப்பான கடை இந்த நாட்டிலேயே அது ஒன்றுதான் இருக்கும். விற்பனை மட்டும் ஒன்றுமே இல்லை.

அக்கா கல்லா முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. எவனும் துக்கம் விசாரிக்கக்கூடாது என்று சொன்னவரிடம், ஊரையே வேன் வைத்துக் கூட்டி வந்ததுபோல் விசாரிக்க விட்டுவிட்டேன். வந்தவர்களைத் திட்டவும் முடியவில்லை. அத்தனை பேரும் உண்மையாகத்தான் கலங்கினார்கள். தூக்கிப் போட எங்களில் யாருக்கும் மனசு வரவில்லை. வந்து வாங்கவும் வரவில்லை. அந்த இரண்டுக்கும் நடுவில்தான் அக்கா இத்தனை வருஷம் விளக்கை எரியவிட்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்.

அப்போது இன்னொருவர் ஒரு பெட்டியோடு வந்தார். "வச்சுட்டுப் போறேன்கா. தூக்கிப் போட..."

"மனசு வரல. அதான?" அக்கா எழுந்தார். "பெட்டிக்குப் பத்து வெள்ளி."

"என்னக்கா?"

"உனக்கு மனசு வரல, அதனால என்னையத் தூக்கிப் போடச் சொல்ற. சும்மா செய்வாங்களா? பத்து வெள்ளி. இல்லாட்டி நீயே தாப்பாவ் பண்ணி, கட்டி எடுத்துட்டுப் போ."

அந்த மனிதர் பெட்டியைக் கீழே வைத்தார். பிறகு பணப்பையை எடுத்தார்!

அதற்குப் பிறகு அக்காவைப் பிடிக்க முடியவில்லை. மூலைச் சாப்பாட்டுக் கடையில் தேதாரே டீ குடித்துக்கொண்டிருந்தவரைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "ராஜு அங்கிள்! ரெண்டு டின்னு! இருவது வெள்ளி!" சிலர் சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள். சிலர் முனகிக்கொண்டே தங்கள் பெட்டியைத் திரும்பத் தூக்கிப் போனார்கள். கிள்ளான் அம்மா பேரத்தில் இறங்கினார்.

"நெறய பெட்டி இருக்கே, கொறச்சுக்க மாட்டீங்களா?"

"கொறைக்கிறேன்மா. உன் வீட்டுக்காரரையும் சேத்து விட்டுட்டுப் போறியா?"

கடையே சிரித்தது. கணவர்தான் அவசரமாகப் பணத்தை எடுத்துக் கொடுத்தார். கல்லா நிறைந்தது. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமையை அந்தக் கடை பார்த்துப் பல வருஷமாகியிருக்கும். ஹேம்பர் ராஜு அங்கிளுக்குப் போனது. இருபது வெள்ளியையும் திருப்பிக் கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை.

"அக்கா, இவ்ளோ சாமானையும் எங்க வைக்கறது?" என்று கேட்டேன்.

"கூட்டம் யாரு பொறுப்புன்ன?" என்றார்.

என் ஒலிபெருக்கி வேன் கூரை வரைக்கும் நிரம்பியது. உதவிக்கு வந்திருந்த என் மனைவி உட்கார இடமில்லாமல், ரயிலில் சுங்கை பூலோ வீட்டுக்குப் போனாள். (அன்றிரவு எனக்கு வீட்டில் கிடைத்த ஏச்சை எந்தக் கேசட்டிலும் அடைக்க முடியாது.) இன்றும் எங்கள் வீட்டில் விருந்தாளி அறையில் நிரந்தரமாகத் தங்கியிருப்பவை அந்தப் பெட்டிகள்தான். எனக்கும் தூக்கிப் போட மனசு வரவில்லை. சட்டையை நீட்டி இஸ்திரி போட்டுத் தரச் சொன்னால், மகள் உள்ளங்கையை விரிக்கிறாள்: "பெட்டிக்குப் பத்து வெள்ளி." அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னாலும் சொல்லிவிட்டாள். அவர்களும் இப்போது சொல்கிறார்கள்.

சரி, அன்றைய ஆறு மணிக்கே திரும்பி வருகிறேன். கடை காலி. வெறும் அலமாரிகளைப் பார்த்து நான் மூக்கைச் சிந்தியதும், அக்கா என்னை வெளியே விரட்டியதும் அப்போதுதான். அஞ்சடியில் கடையை எடுத்த பையன் பிரவீன் நின்றிருந்தான். போன் கவர் விற்கிறவன். லோரியிலிருந்து முதல் பெட்டியை இறக்கிவிட்டு, என்ன பேசுவதென்று தெரியாமல், "சாரி ஆன்டி," என்றான்.

அக்கா ஷட்டரைக் கடைசி வரைக்கும் இறக்கிப் பூட்டினார். சாவியை அவன் கையில் வைத்தார். "இப்ப நீ தெற."

அவன் திறந்தான்.

அக்கா கைப்பையிலிருந்து தன்னுடைய பழைய போனை எடுத்தார். "இதுக்கு ஒரு கவர் குடு."

"சும்மா எடுத்துக்குங்க ஆன்டி."

"கடை தெறந்த அன்னைக்கே சும்மா குடுப்பியா? வெலயச் சொல்லு."

"பதினஞ்சு."

"எட்டு."

"ஆன்டி, எனக்கே கட்டாது ஆன்டி!"

"அப்படிப் பேசு! இந்தா, பன்னெண்டு. மொத போணி என்னோடது."

அன்றைய கல்லாப் பணத்திலிருந்து நோட்டுகளை எடுத்து அவன் கையில் வைத்தார். அவன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வரை நின்று பார்த்தார். பிறகு புதுக் கவரைப் போனில் மாட்டிக்கொண்டே ரயிலுக்கு நடந்தார்.