படுத்துப் பார்க்கலாம், தூங்கக் கூடாது

மெத்தைக்காரர் வீட்டில் மதியத் தூக்கத்தை முடித்துக்கொண்டு கடைக்குத் திரும்பியபோது, விற்பனைக்கு விரித்திருந்த எல்லா மெத்தையிலும் ஆள் இருந்தது. வாங்க வந்த ஆள் மட்டும் ஒருவரும் இல்லை.

பெரிய இரட்டை மெத்தையில் பக்கத்துக் கிடங்கின் நைட் வாட்ச்மேன் கைகால்களை நாலா பக்கமும் வீசிப் போட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அடுத்ததில் புதிதாக அப்பாவான ஒரு வங்கிக் குமாஸ்தா. வீட்டில் குழந்தை இரவெல்லாம் அழுகிறதாம். சாப்பாட்டு இடைவேளையில் இங்கே வந்து விழுந்துவிடுவார். கண்ணாடி ஓரத்து மெத்தையில் ஒரு பஸ் டிரைவர், செருப்பைக் கீழே ஜோடியாக விட்டுவிட்டு, நல்ல பிள்ளையாக ஒருக்களித்துப் படுத்திருந்தார்.

மதிய நேரத்தில் கடையைப் பார்த்துக்கொள்வது மெத்தைக்காரரின் மனைவி. கல்லாவில் உட்கார்ந்து நிம்மதியாக ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது? கடையா, ஆஸ்பத்திரி வார்டா?"

"மெதுவாப் பேசுங்க. எழுந்துடப் போறாங்க."

"எழுந்துக்கட்டும்னுதானே பேசறேன்!"

"படுத்துப் பாக்கறாங்க. பாத்தாத்தானே வாங்குவாங்க? இன்னைக்கு இல்லாட்டி நாளைக்கு."

அந்த 'நாளைக்கு' வருகிற வழியாகத் தெரியவில்லை. கடைசியாக விற்றது ஒரு தலையணை. அதையும் கழுத்து வலிக்கிறதென்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

ஆனால் மாதம் பிறந்தால் கடை வாடகை மட்டும் டாண் என்று போய்விடுகிறது. எப்படி என்று கேட்டால், "நான் பாத்துக்கறேன். நீங்க போய்ப் படுங்க" என்பாள். எதை விற்றுக் கட்டுகிறாளோ! அவளுடைய நகைப்பெட்டியைத் திறந்து பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. வெட்கமாக இருந்தது.

அதே சந்தேகம் மச்சானுக்கும் இருந்தது. மச்சான் என்றால் மனைவியின் அண்ணன், கட்டடத்தின் சொந்தக்காரர், பெரிய டைல்ஸ் கடை முதலாளி. போனில் மரியாதையாகத்தான் பேசினார்.

"மாப்ளே, என் தங்கச்சி நகையைத் தின்னு உங்க கடை உயிர் வாழ வேண்டாம். வெள்ளிக்கிழமை வர்றேன். சாவியைக் குடுத்துட்டு என் கடைக்கு வந்து டைல்ஸ் எண்ணுங்க."

டைல்ஸ் எண்ணுவதா! அதுவும் மச்சான் மேஜைக்கு எதிரில் நின்று! மெத்தைக்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வியாபாரத்தை மாற்றியே தீருவது, முதல் வேலையாக இந்த ஓசித் தூக்கத்தை ஒழிப்பது என்று முடிவு செய்தார்.

மறுநாளே வாசலில் போர்டு மாட்டினார்: 'படுத்துப் பார்க்கலாம், தூங்கக் கூடாது.'

தெருவில் போய்க்கொண்டிருந்த ஒரு டீச்சரம்மா நின்று அதைப் படித்தார். "இப்படி எழுதி வைக்கிற அளவுக்கா தூக்கம் வருது?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார். படுத்தார். தூங்கிப்போனார். ஆக, கூட்டத்தில் ஒன்று கூடியது.

அடுத்து, மெத்தைகளை பிளாஸ்டிக் உறையோடு போட்டார். வழுக்கியது. வாட்ச்மேன் உறையோடு சேர்ந்து சர்ரென்று தரைக்கு இறங்கி, அங்கேயே குறட்டையைத் தொடர்ந்தார். டிரைவர் அரைக்கண்ணைத் திறந்து, "முதலாளி, இது சலசலங்குது. ஒரு பெட்ஷீட் கிடைக்குமா?" என்றார்.

மெத்தைக்காரர் ரேடியோவை வாங்கி வந்து முழுச் சத்தத்தில் அலற விட்டார். குமாஸ்தா தூக்கத்திலேயே புன்னகை செய்தார். பாவம், குழந்தையின் அழுகைக்கு முன்னால் அது அவருக்குத் தாலாட்டு. நிஜமாகவே மெத்தை வாங்க வந்த ஒரு தம்பதிதான் மாட்டிக்கொண்டார்கள். அவர்கள் விலை கேட்க, ரேடியோவுக்கு மேல் இவர் கத்திச் சொல்ல, "வாங்க வந்தா இப்படியா எரிஞ்சு விழறது?" என்று கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

மனைவிக்கு முகம் வாடிவிட்டது. "என்னங்க, இப்படியே பண்ணினா இவங்க வராமப் போயிடப் போறாங்க."

"அதுக்குத்தானே இவ்வளவு பாடு!"

வந்த ஆத்திரத்தில் வாட்ச்மேனைப் பிடித்து உலுக்கினார். "ஓசியில தூங்கறோமேன்னு கொஞ்சமாவது வெக்கமா இல்லையாய்யா?"

வாட்ச்மேன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கல்லாப் பக்கம் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். சரி, உறைத்துவிட்டது என்று மெத்தைக்காரர் நினைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். எல்லா மெத்தைகளையும் தூக்கிச் சுவரோரமாக நெட்டுக்குத்தாக நிறுத்தினார். மச்சான் வந்தபோது கடை மைதானமாக இருந்தது. படுக்க இடமில்லாமல் பழைய ஆட்கள் வாசலில் தொங்கிய முகத்தோடு நின்றார்கள்.

"பாத்தீங்களா மச்சான்? இனி ஒருத்தன் படுக்க முடியுமா?"

"படுக்க முடியாத மெத்தையை எவன் வாங்குவான் மாப்ளே?" என்று மச்சான் தலையில் அடித்துக்கொண்டார். "எடுங்க சாவியை!" என்று பக்கத்திலிருந்த மெத்தையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

அது பொதுக்கென்று உள்வாங்கி, திரும்பி எழும்பி, அடுத்ததை இடித்தது. அது அதற்கடுத்ததை இடித்தது. ஒரு நிமிஷத்தில் எல்லா மெத்தைகளும் சரிந்து விழுந்தன. மச்சானைக் காணோம்.

"அண்ணே!" என்று மனைவி அலறினாள். மெத்தைக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். டைல்ஸ் எண்ணுவது போய் இப்போது கம்பி எண்ண வேண்டியதுதான். வாசலில் நின்றவர்கள் பாய்ந்து வந்து ஒவ்வொரு மெத்தையாகத் தூக்கினார்கள்.

கடைசி மெத்தையைத் தூக்கும்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. குறட்டை.

கீழே ஒரு மெத்தை, மேலே ஒரு மெத்தை, நடுவில் மச்சான் குழந்தை மாதிரி தூங்கிக்கொண்டிருந்தார். தங்கை தோளைத் தொட்டதும் கண்ணைத் திறக்காமலே முனகினார். "எழுப்பாதேம்மா... டைல்ஸ் அறுக்கிற சத்தம் இப்பத்தான் காதை விட்டுப் போச்சு. என்ன வேணும்னாலும் வாங்கிக்கோ. இன்னும் ஒரு மணி நேரம் விடு."

மெத்தைக்காரர் காதைத் தீட்டிக்கொண்டார். என்ன வேண்டுமானாலும் தருகிறாராம்! இத்தனை காலமாக ஜனங்கள் இந்தக் கடைக்கு எதற்காக வருகிறார்கள் என்பது கண்ணெதிரே குறட்டை விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தது. அதை அடித்து விரட்டிவிட்டு, யாரும் கேட்காத மெத்தையைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறோமே! சந்தோஷத்தில் அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"இந்தாம்மா," என்றார், குரலைத் தாழ்த்தி. "நாம இனிமே மெத்தை விக்கப் போறதில்ல. தூக்கத்தை விக்கப் போறோம்!"

மனைவி கண்ணை அகல விரித்தாள். "அடேங்கப்பா! எப்படிங்க இப்படியெல்லாம் தோணுது உங்களுக்கு?"

"வியாபாரம்னா கண்ணையும் காதையும் திறந்து வெச்சுக்கணும்மா."

அவள் சட்டென்று அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. பூரிப்பில் அழுகிறாள் என்று இவருக்கும் கண் கலங்கிவிட்டது.

விளக்கு வைக்கிற நேரத்தில் எழுந்த மச்சானின் முகத்தில் புதுக் களை இருந்தது. "சாவி உங்ககிட்டயே இருக்கட்டும் மாப்ளே. எனக்கு அந்த மூலை மெத்தையைப் போட்டு வெச்சுடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. மெத்தைக்கு மெத்தை திரைச்சீலை, வெளுத்த விரிப்பு, மங்கலான விளக்கு. டிரைவருக்கு ஜன்னல் ஓரம், குமாஸ்தாவுக்குச் சுவரோரம் என்று மனைவி யோசிக்காமலே இடம் பிரித்துக் கொடுத்தாள். அவளுக்குக்கூட வியாபார மூளை இருக்கிறதே என்று மெத்தைக்காரர் வியந்தார். வாசல் போர்டில் பழைய எழுத்தை அழித்து 'நிம்மதியாகத் தூங்கலாம்' என்று எழுதியாயிற்று.

திறந்த அன்று வரிசை தெருவரைக்கும் நின்றது. மச்சான் தலையணையோடு வந்திருந்தார். மெத்தைக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உலாவினார். கல்லாப் பக்கம் குனிந்து, "இனிமே வாடகைக்காக நீ நகையில கை வெக்க வேண்டாம். இது என் பொறுப்பு" என்றார்.

"சரிங்க" என்றாள் அவள்.

வரிசையில் முதல் ஆள் வாட்ச்மேன். மெத்தைக்காரர் கையை நீட்டினார்.

"பழைய ஆளாச்சேன்னு உங்களுக்கு மட்டும் குறைச்சுப் போட்டிருக்கேன். ஆனா ஓசி கிடையாது, சொல்லிட்டேன்!"

வாட்ச்மேன் தலையைச் சொறிந்தார்.

"என்ன முதலாளி, நீங்க தனியா வேற வாங்குவீங்களா? மாசம் பொறந்ததும் கடை வாடகைக்குன்னு அக்காதான் எங்க எல்லார்கிட்டயும் வாங்கிடறாங்களே, ரெண்டு வருஷமா!"