தோற்றால் ஏழு வழிகள்

மனித குலத்தை ஆட்டிப்படைக்கும் எதிரிகளில் தலையாயது பயம். அதை வேரோடு பிடுங்கி எறிவதற்கென்று காலம் அவ்வப்போது ஒரு மாமனிதரைத் தேர்ந்தெடுக்கிறது. இந்தத் தடவை அது தேர்ந்தெடுத்தது பூகோள ஆசிரியரை. உண்மையைச் சொன்னால் தேர்ந்தெடுத்தது தலைமையாசிரியர். திங்கட்கிழமை மூன்றாவது பீரியடில் மற்ற எல்லோருக்கும் வகுப்பு இருந்தது.

ஒரே ஒரு சிக்கல். பிடுங்கி எறிவதற்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் பயம் கைவசம் இல்லை.

"குறைஞ்சது பத்துப் பேராவது வேணும்னு போட்டிருக்கே சார்," என்றார் பூகோள ஆசிரியர், கையிலிருந்த சுற்றறிக்கையைத் தடவியபடி. "நம்ம பிள்ளைங்க பரீட்சைக்கு முதல் நாள்கூடப் பந்து விளையாடுறவங்க. பத்துப் பேருக்கு நான் எங்கே போவேன்?"

"அது உங்க பாடு. வெள்ளிக்கிழமை பட்டியல் போயாகணும்."

பரீட்சையில் தோற்றுவிடுவோமோ என்று அஞ்சும் மாணவர்களைக் கண்டறிந்து, தைரியமூட்டி, தோற்றால் உள்ள மாற்று வழிகளை எடுத்துரைக்கப் பள்ளிக்கு ஒரு 'தைரிய அலுவலர்' நியமிக்கப்பட வேண்டும் என்றது கல்வி அலுவலகத்தின் சுற்றறிக்கை. முதல் தாளின் கடைசி வரிதான் பூகோள ஆசிரியரின் நெஞ்சைத் தொட்டது. தைரிய அலுவலர்களுக்கே, காலியாக உள்ள உதவித் தலைமையாசிரியர் பதவியில் முன்னுரிமை. அதற்கு மேல் அவர் படிக்கவில்லை. இரண்டாம் தாள் 'மேலும்' என்று ஆரம்பித்தது. 'மேலும்' என்று ஆரம்பிக்கும் எதையும் அந்தப் பள்ளியில் எவரும் படித்ததாகச் சரித்திரம் இல்லை.

உதவித் தலைமையாசிரியர் அறையில் ஒரு சுழல் நாற்காலி உண்டு. பதினோரு வருஷமாக, யாரும் பார்க்காத நேரத்தில் உள்ளே போய் அதில் ஒரு சுற்று சுற்றிவிட்டு இறங்கி வருகிறவர் நம் ஆசிரியர். வீட்டில் மனைவியும் அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்தாயிற்று. இந்த வருஷமும் கிடைக்கவில்லை என்றால் வேறு தெருவுக்குத்தான் குடிபோக வேண்டும்.

மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'அட்சரேகை'. எந்தப் பாடத்தை எங்கே ஆரம்பித்தாலும் அவர் கடைசியில் அட்சரேகையில்தான் வந்து நிற்பார்.

அன்று மத்தியானமே பத்தாம் வகுப்புக்குள் நுழைந்தார்.

"யாருக்கெல்லாம் பரீட்சையை நினைச்சாப் பயமா இருக்கு? கூச்சப்படாம கையைத் தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை. கடைசி பெஞ்சில் தலைசாய்த்திருந்த, 'தூக்கம்' என்று எல்லோரும் கூப்பிடுகிற பெண் மட்டும் ஒரு கண்ணைத் திறந்தாள்.

"எதுக்கு சார் பயப்படணும்?"

நல்ல கேள்வி. அதற்கு நாற்பது நிமிஷம் பதில் சொன்னார். தோற்றால் அப்பா முகம் எப்படி இருக்கும், சொந்தக்காரர்கள் எப்படித் துக்கம் விசாரிக்க வருவார்கள், கூடப் படித்தவர்கள் எல்லாம் மேலே போன பிறகு சின்னப் பிள்ளைகள் நடுவே முட்டி இடிக்க உட்கார்வது எப்படி இருக்கும் என்று ஒன்று விடாமல் விவரித்தார். வாழ்நாளில் முதன்முறையாக அவர் வகுப்பில் யாரும் கொட்டாவி விடவில்லை. அட்சரேகைகூடக் குறுக்கே வரவில்லை.

மணி அடிக்கும்போது பதினோரு கைகள் எழுந்திருந்தன. முதல் கை, மூன்று வருஷமாக முதல் ராங்க் வாங்குகிற பெண்ணுடையது.

"நீயுமா?"

"இதுவரைக்கும் தோணினதே இல்ல சார். இப்போ தோணிடுச்சு."

"சபாஷ்!" என்று பெயரைக் குறித்துக்கொண்டார்.

அடுத்தது மாற்று வழிகள். அதை எழுத ஒரு தாள் வேண்டும். ஒரு பக்கம் காலியாக உள்ள தாள் இருக்கும்போது புதுத் தாளைத் தொடக்கூடாது என்பது தலைமையாசிரியரின் சட்டம். சுற்றறிக்கையின் இரண்டாம் தாள் பின்பக்கம் பளிச்சென்று இருந்தது. அதைப் பிரித்தெடுத்து, தன் அழகான கையெழுத்தில் 'தோற்றால் ஏழு வழிகள்' என்று தலைப்பிட்டார். மறுதேர்வு, மறுகூட்டல், அதே வகுப்பில் இன்னொரு வருஷம், கைத்தொழில், தனித்தேர்வர், ஒரு வருஷம் வீட்டில் இருந்து யோசிப்பது என்று ஆறு வந்தன. ஆறு என்பது கம்பீரமாக இல்லை. ஏழாவதாக, 'தைரிய அலுவலரை அணுகவும்' என்று போட்டுக் கீழே கையெழுத்திட்டார்.

அதை அறிவிப்புப் பலகையில் நான்கு மூலையிலும் பின் குத்தி மாட்டினார். பக்கத்திலேயே பயப்படுவோர் பட்டியல்.

மணி அடிக்கும் அக்கா தண்ணீர்க் குடத்தோடு வந்தவர், நின்று கடைசி எழுத்துவரை படித்தார். அச்சானதோ எழுதினதோ, கண்ணில் படுகிற எதையும் விடமாட்டார் அக்கா. பொட்டலம் மடித்து வந்த காகிதத்தைக்கூட நீவிப் படித்துவிட்டுத்தான் குப்பையில் போடுவார்.

"சார், இதைப் பார்த்தா வேற மாதிரி இருக்கே," என்றார்.

"வேற மாதிரின்னா?"

"இந்தப் பக்கம் தோற்றால்னு இருக்கு. அந்தப் பக்கம் பதினோரு பேர் பேர் இருக்கு."

"அக்கா, மணி அடிக்க நேரமாச்சு."

செவ்வாய்க்கிழமை காலை அவர் பள்ளிக்குள் நுழைந்தபோது பலகையின் முன்னால் கூட்டம். கூட்டத்தின் நடுவே அழுகை.

"பரீட்சையே எழுதல, அதுக்குள்ள ரிசல்ட் போட்டுட்டாங்க!" என்று ஒரு குரல்.

"முதல் ராங்க் பேரே முதல்ல இருக்குடி! அவளே ஃபெயில்னா நம்ம கதி?"

அட்சரேகைக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாய்ந்து போய்ப் பட்டியலைக் கிழித்துப் பையில் திணித்தார். பத்தே நிமிஷத்தில், பட்டியல் ரொம்ப நீளமாகிவிட்டதால் பெரிய தாளில் எழுதப் போயிருக்கிறார்கள் என்று செய்தி பரவியது. வதந்தியை ஒடுக்க வேண்டும். சிவப்பு மையில், ஏழு வழிகளுக்கு மேலே, 'யாரும் தோற்கவில்லை' என்று எழுதினார். பூகோள ஆசிரியர் ஆனாலும் பொய் சொல்லக்கூடாது என்ற கொள்கை உடையவர். ஆகவே பக்கத்திலேயே 'இதுவரை' என்று சேர்த்தார்.

மாலைக்குள் பயப்படுவோர் எண்ணிக்கை நாற்பத்து மூன்று. மாலை நாலரைக்குத் 'தூக்கம்' அவரைத் தேடி வந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"சார், எனக்கு வகுப்பில தூக்கமே வர மாட்டேங்குது."

நாற்பத்து நான்கு.

புதன்கிழமை, முதல் ராங்க்கின் அம்மா வந்தார். மருந்துக்கடை வைத்திருப்பவர். ஒரு கையில் மகள், இன்னொரு கையில் பெரிய கத்தரிக்கோல். தலைமையாசிரியர் கத்தரிக்கோலைப் பார்த்து நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"இது யார் பண்ணின வேலை?"

"என்னம்மா ஆச்சு?"

"நேத்து கடையை மூடிட்டு வீட்டுக்குப் போறேன், ஜன்னல்ல ஒரு திரையும் இல்ல. தெருவில போறவன் எல்லாம் எட்டிப் பார்க்கிறான். கேட்டா, 'அம்மா, நாலாவது வழிக்கு இப்பவே பழகிக்கிறேன், திரையில சட்டை தைக்கிறேன்'ங்கறா. அந்தச் சட்டைக்கு மூணு கை இருக்கு சார்!"

"அளவு தப்பிடுச்சும்மா," என்றாள் மகள் மெல்ல.

"வாயை மூடு! கணக்குப் புத்தகத்தைப் பழைய பேப்பரோட கட்டி வெச்சிருக்கா சார். இவளை டாக்டருக்குப் படிக்க வைக்கணும்னு நான் உயிரைக் கொடுத்துக்கிட்டு இருக்கேன்!"

அட்சரேகை தொண்டையைச் செருமினார். "அம்மா, ஏழு வழியில உங்க பொண்ணு ஒண்ணைத் தேர்ந்தெடுத்ததே ஒரு தைரியம்தான்."

கத்தரிக்கோல் ஒரு தடவை தானாகத் திறந்து மூடியது.

அம்மா போனதும் தலைமையாசிரியர் மெதுவாகச் சொன்னார்: "பிரச்சினையை நீங்கதான் கிளப்பினீங்க, நீங்கதான் அடக்கணும். இல்லாட்டி அந்த நாற்காலியை மறந்துடுங்க. நீங்க உள்ளே போய்ச் சுத்தறது எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதீங்க."

அட்சரேகைக்கு வியர்த்தது. "நாளைக்குக் காலையில பெற்றோர் எல்லாரையும் கூப்பிடுங்க சார். நேரா நான் பேசறேன். ஒரே பேச்சு. எல்லாம் அடங்கிடும்."

வியாழக்கிழமை பத்து மணி. கூடம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் மருந்துக்கடை அம்மா, கைப்பை மடியில். பைக்குள் என்ன இருக்கிறது என்று தலைமையாசிரியர் கேட்கவில்லை.

அட்சரேகை ஒலிபெருக்கியைத் தட்டினார். "பெற்றோர்களே! தோல்வி என்றால் என்ன? பூமத்திய ரேகையிலிருந்து—"

அக்கா மேடையோரம் வந்து நின்றார். "சார், கல்வி அலுவலகத்திலேர்ந்து போன். சார் எங்கேன்னு கேக்கறாங்க."

"எங்கேயா? களத்துல இருக்கேன்னு சொல்லுங்க."

கூட்டத்தில் ஒரு மரியாதை பரவியது. மேலிடமே விசாரிக்கிறது என்றால் லேசுப்பட்ட ஆளா? அட்சரேகை நிமிர்ந்து, தோற்றால் பிள்ளைகள் மனம் உடையக்கூடிய விதங்களைப் பட்டியலிட்டார். பெற்றோர் மனம் உடையும் விதங்களையும் சேர்த்துக்கொண்டார். பின்வரிசையில் ஒருவர் மார்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் கேட்டார்.

கால்மணியில் அக்கா மறுபடியும் வந்தார். "சார் கிளம்பிட்டாரான்னு கேக்கறாங்க."

அட்சரேகை ஒலிபெருக்கியை வாயிலிருந்து எடுக்காமலே பதில் சொன்னார்: "கிளம்புற ஆளா நான்? கடைசிப் பிள்ளையோட பயம் தெளியிற வரைக்கும் இந்த இடத்தை விட்டு நகரமாட்டேன்னு சொல்லிடுங்க!"

கைதட்டல் காதைப் பிளந்தது. மருந்துக்கடை அம்மாகூடத் தட்டினார்.

மூன்றாவது முறை அக்கா தயங்கித் தயங்கி வந்தார். "அப்படியே சொன்னேன் சார். இனிமே வர வேண்டாம்னு சொல்லிட்டு வெச்சுட்டாங்க."

"பார்த்தீங்களா!" என்றார் அட்சரேகை கூட்டத்தைப் பார்த்து. "மேலிடத்துக்கே புரிஞ்சிடுச்சு."

பேச்சு முடிந்தது. பயம் மட்டும் அடங்கவில்லை. அதுவரை பிள்ளைகளிடம் மட்டும் இருந்தது, இப்போது குடும்பம் குடும்பமாக வரிசையில் நின்றது.

"பெத்தவங்களுக்கு இதுல எத்தனாவது வழி சார்?" என்றார் மார்பைப் பிடித்துக்கொண்டிருந்தவர்.

அடுத்து நின்றது கணக்கு ஆசிரியை. "எல்லாரும் என் பாடத்துலதான் தோப்பாங்கன்னு பேசிக்கிறாங்க. எனக்குக் கையில சாக்பீஸ் நிக்கல."

அவர் பெயரும் பட்டியலில் ஏறியது. எல்லோரும் போனபின் தலைமையாசிரியர் கதவைச் சாத்தினார்.

"ஏங்க, ஒருவேளை மொத்தப் பள்ளிக்கூடமும் தோத்துட்டா... எனக்கு அந்த ஆறாவது வழி சரியா வருமா?"

வெள்ளிக்கிழமை. அறிக்கை போக வேண்டிய நாள். மாணவர்கள் நூற்றுப் பன்னிரண்டு, பெற்றோர் முப்பத்தெட்டு, ஆசிரியர்கள் நான்கு, பெயர் வெளியிட விரும்பாதவர் ஒருவர். ஆக நூற்று ஐம்பத்தைந்து. கேட்டதோ வெறும் பத்து. அட்சரேகை கூட்டிப் பார்த்தார். பயம் என்ன, அது ஒரு கணக்கு. பதினைந்து மடங்குக்கு மேல் சாதித்தவரைக் கேள்வி கேட்பார் யார்? வெறும் பத்தோடு நிறுத்தியிருப்பார்கள் மற்ற பள்ளிக்கூடத்துச் சோம்பேறிகள்.

மாடிக்குப் போனார். சுழல் நாற்காலியில் உட்கார்ந்தார். இந்த முறை கதவைத் திறந்தே வைத்து, இரண்டு சுற்றுச் சுற்றினார்.

"அக்கா!" என்று அங்கிருந்தே கூப்பிட்டார். குரலில் அதற்குள் உதவித் தலைமையாசிரியர் வந்து உட்கார்ந்திருந்தார். "அறிக்கையோட சுற்றறிக்கையையும் முழுசா இணைச்சு அனுப்பணும். ஒரு தாள் அறிவிப்புப் பலகையில இருக்கு. பின்னைக் கழட்டி எடுத்துட்டு வாங்க."

அக்கா வர நேரமானது. எடுத்துவரப் போனவர் வழியெல்லாம் நின்று நின்று வந்தார். வாசற்படியில் நின்றபோது அவர் கண் தாளின் மறுபக்கத்தில் இருந்தது.

"என்ன அக்கா, கொண்டாங்க."

"சார், தைரிய அலுவலர்னா நீங்கதானே?"

"அதிலென்ன சந்தேகம்?" நாற்காலி ஒரு கால் சுற்றுத் திரும்பியது.

அக்கா விரலை வரியில் வைத்துக்கொண்டார்.

"நேத்து காலையில பத்து மணிக்குத் தைரிய அலுவலருங்க எல்லாருக்கும் கல்வி அலுவலகத்துல பரீட்சையாம் சார். வராதவங்க ஃபெயில்னு போட்டிருக்கு."