பட்டியலைப் பெருக்கிய கதை

அன்று அச்சகத்தில் இருந்தவர்கள்: முதலாளி. நேமத்தான்பட்டி மீனா ஆச்சி. ஆச்சியின் மகள் உமையாள், கல்யாணப் பெண். அப்புறம் நான், பாண்டியம்மா. வேறு யாரும் இல்லை. அதனால் பழியைப் போட ஆள் கிடைக்கவில்லை. என் மேலேயே விழுந்தது. சரியாகத்தான் விழுந்தது.

நான் பத்தாவது ஃபெயில். காரைக்குடியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தில் பிழை பார்க்கிற வேலை. அப்போதே பதினொரு வருடம் ஆகியிருந்தது. எனக்குப் படிப்பு வராது, பிழை வரும். (கண்ணில் படும் என்று சொல்ல வந்தேன்.)

முதலாளி கணினியில் ஒரு மென்பொருள் போட்டிருந்தார். விலாசங்களை ஏற்றி வைத்தால் பத்திரிகை உறையில் அதுவே அடித்துவிடும். ஓப்பன் சோர்ஸ். அதாவது யாரோ பத்துப் பேர் சேர்ந்து செய்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், திருத்திக்கொள்ளுங்கள் என்று வைத்திருப்பது. திரையில் எல்லாம் இங்கிலீஷ். எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லும் உதவிப் பக்கங்கள் மட்டும் தமிழில் இருந்தன. அதைத் தமிழ் என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை. 'பட்டியலைச் சேமியாக்கவும்' என்று இருந்தது. உறை என்று வரவேண்டிய இடமெல்லாம் உரை. நீல எழுத்துச் சுட்டியை அழுத்தினால் 'பக்கம் இல்லை' என்று வரும். அடியில் ஒரு வரி: பிழை கண்டால் யாரும் திருத்தலாம், கணினி படித்திருக்க வேண்டியதில்லை.

எனக்கென்றே எழுதியது போல இருந்தது.

தமிழ்ப் பக்கங்களுக்குப் பொறுப்பு ரகு என்று ஒருவர். பெங்களூரில் வேலை. நாம் திருத்தி அனுப்பினால் அவர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். முதல் மாதம் சேமியாவைத் தூக்கினேன். செத்த சுட்டிகள் எட்டுக்குச் சரியான விலாசம் தேடிப் போட்டேன். "உங்களுக்குக் கண்ணா, ஸ்கேனரா அக்கா?" என்று எழுதினார் ரகு. அதோடு என் திருத்தங்களை வாசிப்பதை நிறுத்திவிட்டார். (இது பின்னால்தான் தெரிந்தது.)

எனக்குத் தலை கனத்தது. பிழை இல்லாத இடத்திலும் பிழை தெரிய ஆரம்பித்தது.

கல்யாண வேலையில் சில சொல் ஆகாது. விளக்கை அணை என்று சொல்ல மாட்டோம், குளிர வை என்போம். அரிசி தீர்ந்தால் நிறைந்துவிட்டது. தாலிக்கயிறு அறுந்தால்கூட அறுந்தது என்று வாயால் சொல்வதில்லை, பெருகிவிட்டது. எங்கள் அச்சகத்தில் இது சட்டம். 'அழியாப் புகழ்' என்று எழுதி வந்ததையே, அதற்குள் 'அழி' இருக்கிறது என்று 'நிறைந்த புகழ்' ஆக்கியவர் எங்கள் முதலாளி.

உதவிப் பக்கத்தில் என்ன இருந்தது? 'பட்டியலை அழிக்க.' 'பட்டியல் அழிந்துவிடும்.' கல்யாணத்துக்கு அழைக்கிறவர்களின் பட்டியல் அது. எனக்குப் பதறியது. இருபத்து மூன்று இடம். அத்தனையையும் பெருக்கினேன். 'பட்டியலைப் பெருக்க, சிவப்புக் கூடையை அழுத்தவும். உறுதிதானா என்று கேட்கும். ஆம் என்று கொடுத்தால் பட்டியல் பெருகிவிடும்.' அத்தோடு 'வெளியேறு' என்பதைப் 'போய் வருக' ஆக்கினேன். கணினியில் 'இடம் தீர்ந்தது' என்பதை 'இடம் நிறைந்தது' ஆக்கினேன். (அது ஒன்றுதான் பொருந்தி வந்தது. அதுவும் தற்செயல்.)

ரகு ஒப்புதல் கொடுத்தார்.

உமையாள் கல்யாணத்துக்குப் பதினாறு நாள் இருந்தது. பத்திரிகை மறுநாள் தபாலில் சேர வேண்டும். ஆச்சி யாரையும் நம்ப மாட்டார். மூன்று வாரமாக வந்து, அறுநூற்றுச் சொச்சம் வீட்டு விலாசத்தையும் ஒற்றை விரலால் தானே தட்டி ஏற்றியிருந்தார். அன்று முடித்தார். முடித்ததும் ஒரு யோசனை வந்தது. இதே பட்டியல் இன்னொன்று வேண்டும். தபாலுக்கு ஒன்று, நேரில் போய் வைக்க ஒன்று. முதலாளி பேப்பர்க்காரரோடு போனில். உமையாள் மாப்பிள்ளையோடு போனில். நான் உள்ளே உறை மடித்துக்கொண்டிருந்தேன். ஆச்சி தானே உதவிப் பக்கத்தைத் திறந்து படித்தார்.

"பாண்டியம்மா, பெருக்கணுமே!"

காலையில்தான் பெருக்கியிருந்தேன். உமையாள் தலையிலிருந்து பூ உதிர்ந்திருக்கும் என்று நினைத்தேன்.

"நீங்க எதுக்கு ஆச்சி பெருக்குறீக? இருங்க, நான் வாரேன்."

"இருக்கட்டும்டி. எப்படிப் பெருக்கணும்னுதான் போட்டிருக்கே."

இதற்குமா எழுதிப் போடுகிறார்கள் என்று நினைத்தேன். நினைத்ததோடு நின்றேன்.

"ஒரு தடவை போதும்ல?"

"நல்லாப் பெருக்குனா ஒரு தடவை போதும் ஆச்சி."

விளக்குமாற்றோடு வெளியே வந்தேன். தரை சுத்தமாக இருந்தது. திரையும் சுத்தமாக இருந்தது.

"என்னடி இது," என்றார் ஆச்சி. "ரெண்டு வரும்னு பாத்தா இருந்த ஒண்ணையும் காணோம்?"

உமையாள் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு உதவிப் பக்கத்தைப் படித்தாள். "பெருகிவிடும்னுதானே இருக்கு?"

முதலாளியும் வந்து படித்தார். "எந்தக் கூமுட்டை எழுதுனது இது?"

கூமுட்டை கையில் விளக்குமாற்றோடு நின்றது. "நாந்தான் மொதலாளி."

ஆச்சி கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "நாளைக்குத் தபால்ல போடலைன்னா மலேசியாவுக்கு எப்ப போய்ச் சேரும்? இவளுக்குப் புள்ளை பொறந்தப்புறமா?" என்றார். உமையாள் முகம் சுருங்கிப்போனது.

பக்கத்தின் கடைசியில் 'பெருகியதை மீட்க' என்று நீல எழுத்தில் இருந்தது. (அதையும் நான்தான் பெருக்கியிருந்தேன்.) அழுத்தினேன். 'பக்கம் இல்லை.' அந்தச் சுட்டி செத்திருப்பது எனக்கு முன்பே தெரியும். முதலில் ஆகாத சொல்லை எல்லாம் மாற்றுவோம், சுட்டியை அப்புறம் பார்ப்போம் என்று விட்டிருந்தேன்.

ரகுவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, பெருக்குன்னா இன்னொரு காப்பி எடுக்கிறதுதானே?"

"இல்ல. அழிக்கிறது."

"அழிக்கிறதை ஏன் பெருக்குன்னு எழுதினீங்க?"

"கல்யாணப் பட்டியல்."

"நான் படிச்சுப் பாத்திருக்கணும்," என்றார். நல்ல மனிதர். சரியான பக்கத்தின் விலாசத்தைச் சொன்னார். அதில் இருந்தபடி செய்தோம். மென்பொருள் தானே நகல் எடுத்து வைத்திருந்த, போன வெள்ளிக்கிழமை வரைக்குமான பட்டியல் திரும்பி வந்தது. அதன் பிறகு ஆச்சி ஏற்றிய எழுபத்திரண்டு வீடு வரவில்லை.

ஆச்சி கண்ணை மூடிக்கொண்டார். ஊர் ஊராகச் சொன்னார். நான் தட்டினேன்.

"கல்லல். கீழ வீதி. அங்குட்டுக் கடைசி வீடு சாத்தப்பன். 'த்'துக்குப் புள்ளி வச்சியா?"

"வச்சாச்சு ஆச்சி."

"உன்னைய நம்ப முடியல. காட்டு."

பிழை ஒன்றுகூட இல்லை. யாரும் பாராட்டவில்லை. மறுநாள் எல்லாம் தபாலில் சேர்ந்தது.

ஒரே ஒரு வீடு விட்டுப்போனது. நாச்சியாபுரம். ஆச்சியின் கூடப்பிறந்த அண்ணன். சொந்த அண்ணனை யாராவது யோசித்து நினைவுபடுத்திக்கொள்வார்களா?

நேரில் போய் அழைக்க ஆச்சி அழுதுகொண்டே போனார். வழியெல்லாம் என்னைத் திட்டினாராம். அண்ணன் வந்துவிட்டார். பந்தியில் என்னைத் தேடிப் பிடித்தார்.

"நீதானாத்தா என்னையப் பெருக்குனது?"

இலையைப் பார்த்தபடி, "ஆமாங்கய்யா," என்றேன்.

"நல்லாத்தான் பெருக்கியிருக்க. தபால்ல பத்திரிகை வந்திருந்தா தனியாத்தான் வந்திருப்பேன். இப்பப் பதினோரு பேரோட வந்திருக்கேன்."

அன்றிலிருந்து இது ஓயவில்லை. உமையாள் சிங்கப்பூரில் இருக்கிறாள். போன் கீழே விழுந்து உடைந்தால் புதுப் போனில் முதலில் என்னைக் கூப்பிட்டு, "அக்கா, போன் பெருகிருச்சு," என்கிறாள். நான் லீவு கேட்டால் முதலாளி, "உன் லீவெல்லாம் பெருகிருச்சே," என்கிறார். என் வீட்டுக்காரர் குழம்புச் சட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "பெருகிருச்சா?" என்கிறார். மோர் ஊற்றிவிடுகிறேன்.

ரகு அந்த இருபத்து மூன்று இடத்திலும் 'நீக்கு' என்று போட்டார். (நல்ல சொல். எனக்குத் தோன்றவில்லை.) இப்போது ஒப்புதலுக்கு இரண்டு பேர். எனக்கு மட்டும் தனி விதி: செத்த சுட்டிகளை மாற்றலாம், எழுத்துக்கு மேல் விட்டுப்போன புள்ளியை வைக்கலாம். "சொல்லை மட்டும் தொடாதீங்க அக்கா." தொடுவதில்லை.

ஆச்சியிடம் இதைச் சொன்னேன். அவர்கள் பக்கம் கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும் புள்ளி என்றுதான் பேர்.

"ஒரு புள்ளிய விட்டவளைத்தான் புள்ளி வைக்க விட்டிருக்காகளாக்கும்," என்றார்.

இன்று காலை வரை வைத்த புள்ளி: நானூற்றுப் பதினேழு.