சராசரியை எட்டிப்பிடித்த மாப்பிள்ளை

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்கப்புறம் உருப்படியாகக் கண்டுபிடித்தது சராசரி ஒன்றைத்தான். லிஃப்ட் பராமரிப்புத் தொழிலுக்கு அந்த ஞான ஒளியைக் கொண்டுவந்த பெருமை மாப்பிள்ளையையே சேரும்.

கம்பெனி மாமனாருடையது. முழங்காலில் அறுவைச் சிகிச்சை ஆனதும் அவர் நாற்காலியை மகளின் கணவருக்கு விட்டுக்கொடுத்தார். அன்றிலிருந்து நேரில் 'சார்', முதுகுக்குப் பின்னால் 'மாப்பிள்ளை'. அது காதில் விழும்போதெல்லாம் அவருக்குச் சுருக்கென்றது. சொந்த மூளையால் எதையாவது சாதித்துக் காட்டத் துடித்தவரின் கையில் வந்து விழுந்தது, தொழில் கூட்டமைப்பின் ஆய்வறிக்கை. வழவழத் தாளில், மற்ற லிஃப்ட் கம்பெனிகள் எல்லாம் எப்படி வேலை பார்க்கின்றன என்பதை வண்ண வண்ணமாகப் போட்டிருந்தார்கள். படிக்கப் படிக்க அவருக்கு வியர்த்தது. உடனே கூட்டம் கூட்டினார்.

“நம்ம நிலைமை ரொம்ப மோசம். ஒரு லிஃப்டுக்கு வருஷத்துக்கு அஞ்சு புகார், அதுதான் துறைச் சராசரி. நமக்கு ஒண்ணுகூட வரல.”

“நல்லதுதானே?” என்றாள் கணக்குப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் மனைவி.

“எப்படி நல்லது? வாடிக்கையாளர் நம்மகிட்ட பேசறதே இல்லைன்னு அர்த்தம். இதுக்குப் பேரு ‘உறவுப் பற்றாக்குறை’.”

தலைமை மெக்கானிக் பக்கம் திரும்பினார். அவரை ஊரே ஸ்பேனர் என்றுதான் கூப்பிடும். “கரண்ட் போய் உள்ள மாட்டிக்கிட்டவங்கள வெளிய எடுக்க மத்தவங்களுக்கு முக்கால் மணி நேரம் ஆகுது. நீங்க கால் மணி நேரத்துல எடுத்துடறீங்க.”

பாராட்டு என்று நினைத்து ஸ்பேனர் நெளிந்தார்.

“மிச்ச அரை மணி நேரம் எங்க போச்சு?”

ஸ்பேனர் அனிச்சையாகச் சட்டைப்பையைத் தடவினார். “தெரியலையே சார்.”

“அதான் ‘மிகைச் சேவை’! கம்பெனியே அதுல கரையுது!”

மாலைக்குள் சுற்றறிக்கை வந்தது: மாதாமாதம் எண்ணெய் போடுவது இனி ‘பருவந்தோறும்’, முக்கால் மணி நேரம் ஆகாமல் யாரையும் மீட்கலாகாது, உறவினருக்கும் சலுகை இல்லை.

லிஃப்டுகள் முனக ஆரம்பித்தன. புகார்கள் வந்து குவிந்தன. ‘உறவு’ செழித்தது. மாப்பிள்ளை எல்லோருக்கும் ஜூஸ் வாங்கிக் கொடுத்தார்.

இந்த வளர்ச்சியைக் கண்குளிரப் பார்க்க ஒரு நாள் மாமனாரே அலுவலகம் வந்தார். மருமகன் வாசலில் வரவேற்று லிஃப்டில் ஏற்றினார். மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே அது ஒரு பெருமூச்சு விட்டு நின்றது.

ஸ்பேனர் சாவியோடு ஓடி வந்தார். வந்தவர் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார்.

“திறய்யா!” என்றார் மாமனார்.

“இன்னும் நேரம் ஆகல பெரியவரே. சுத்தறிக்கை.”

“நான்தான் சொல்றேன், திறங்க!” என்று கத்தினார் மாப்பிள்ளை.

“நீங்க இப்போ உறவினர் சார்.”

உள்ளே மாமனார் மெல்லிய குரலில், “மாப்பிள்ளை, டாக்டர் குடுத்தது நீர் பிரியற மாத்திரை. கிளம்பறப்பதான் போட்டேன்” என்றார். மாப்பிள்ளை தன் புது ஷூவைப் பார்த்தார். இருந்ததோ நாலடி இடம்.

வெளியே மனைவியின் குரல் கேட்டது. “ஏங்க, சராசரின்னா என்ன? சில பேருக்குச் சீக்கிரம், சில பேருக்கு லேட்டு. உங்கள இப்பவே எடுத்துட்டு, அடுத்து மாட்டறவங்கள ஒண்ணேகால் மணி நேரம் உள்ள வெச்சுக்கிட்டா கணக்கு சரியாப் போகும்.”

இடித்துக் காட்டத்தான் சொன்னாள். ஆனால் உள்ளேயிருந்து, “பிரமாதம்! திறங்க!” என்று பதில் வந்தது.

கதவு திறந்ததும் மாமனார் முழங்காலை மறந்து ஓடினார். திரும்பி வந்து மருமகனை ஏற இறங்கப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் கைப்பிடியைப் பற்றிப் படியிறங்கினார். வழியெல்லாம் அவருடைய முழங்கால் பேசியது. அவர் திட்டியிருந்தால் தேவலை என்று மாப்பிள்ளைக்கு அன்று முழுக்கத் தோன்றியது. மறுநாள் காலை அறிக்கையைப் புரட்டினார், மனம் தேறிவிட்டது.

அடுத்து மாட்டியவர் அதே கட்டடத்தின் ஆறாம் மாடிப் பல் மருத்துவர். ஒண்ணேகால் மணி நேரம் அவர் லிஃப்டில் இருந்தார். மேலே நோயாளி ஒருவர் வாயைத் திறந்தபடி நாற்காலியில் இருந்தார். சராசரி காப்பாற்றப்பட்டது.

அடுத்த வருட ஆய்வில், இவர்களைப் பார்த்து மற்ற நல்ல கம்பெனிகளும் திருந்தியது தெரியவந்தது. மீட்கும் நேரத்தின் சராசரி முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரமாகியிருந்தது. கூட்டமைப்பு அசந்துபோய் விழா எடுத்தது. ‘துறையின் சராசரியை உயர்த்திய செம்மல்’ என்று அறிவித்து மாப்பிள்ளைக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மூச்சு வாங்கப் படியேறி வந்திருந்த கூட்டம், கைதட்டக் கொஞ்சம் தாமதித்தது.

முன்வரிசையில் மாமனார். பக்கத்து நாற்காலிக்காரர் அவர் காதோரம் குனிந்து, “அப்படி என்னங்க உயர்த்தினார் உங்க மாப்பிள்ளை?” என்று கேட்டார்.

“ஜனங்க உள்ள தவிக்கிற நேரத்தை” என்றார் மாமனார். “லிஃப்ட் கம்பெனிக்கு வந்து அவர் மேல தூக்கிவிட்டது அது ஒண்ணைத்தான்.”