நாற்பத்திரண்டு டிகிரியில் மதியச் சாப்பாடு

நர்ஸ் வேலை பார்ப்பவர்களுக்கு மனிதர்களைவிட எண்கள்மேல்தான் நம்பிக்கை அதிகம். "நல்லா இருக்கேன் சிஸ்டர்" என்று ஒருவர் சொன்னால், தலையை ஆட்டிக்கொண்டே தெர்மாமீட்டரை எடுப்போம். இந்தப் பழக்கம் முற்றிப்போனதால், பெற்ற பிள்ளை "நல்லா இருக்கேம்மா" என்று சொன்னபோதும் எனக்குப் போதவில்லை. எண் வேண்டியிருந்தது. அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு நான் செய்த காரியத்தைத்தான் எழுத வந்திருக்கிறேன். (நீங்கள் தாராளமாகச் சிரிக்கலாம். எங்கள் குடும்பத்தில் எல்லோரும் சிரித்தாயிற்று.)

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையின் முதலுதவி அறை என் பொறுப்பில் இருக்கிறது. கணவர் கத்தாரில் வெல்டர். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் நிதானமாகப் பேசுவார். எங்களுக்கு ஒரே மகன், கிஷோர். இன்னும் கட்டாத அடுக்குமாடி வீட்டுக்குள் நாமே நடந்துபோவது போல கம்ப்யூட்டரில் வீடியோ செய்து, கட்டடக்காரர்களுக்குக் கொடுப்பது அவன் தொழில். படம் வரைந்து முடித்ததும் அதை வீடியோவாக மாற்றக் கம்ப்யூட்டர் மணிக்கணக்கில் தனியாக உழைக்க வேண்டும். அதற்கு ரெண்டர் என்று பெயர்.

அந்த உழைப்பின் வேகம் அவனுக்குப் பற்றவில்லை. அதனால் கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசசரை ஓவர்கிளாக் செய்தான். எங்கள் தொழிற்சாலைப் பாஷையில் சொன்னால், ஒரு ஷிப்டு ஆளிடம் ஓவர்டைம் பிழிந்தான். ஓவர்டைம் பார்த்தால் மனிதனுக்கு வியர்க்கும், ப்ராசசருக்குச் சூடேறும். அந்தச் சூட்டை இறக்க அதன் தலைமேல் ஒரு பெரிய ஃபேனை வைத்துத் திருகி, நடுவில் களிம்பு மாதிரி சாம்பல் நிறப் பேஸ்டைத் தடவியிருந்தான். கடைக்குப் போகும்போதெல்லாம் காவலுக்கு என்னை வைத்துவிட்டுப் போவான். வெப்பம் எவ்வளவு என்று காட்டும் ஒரு ஆப்பை என் போனிலும் போட்டுக் கொடுத்தான்.

"எண்பத்தஞ்சு வரைக்கும் பயமில்லம்மா. தொண்ணூறத் தாண்டிச்சுன்னா போன் பண்ணு."

"சும்மா கெடக்கறப்பவே நாப்பத்திரண்டு காட்டுதேடா. நம்ம கணக்குல நூத்தியேழுக்கு மேல. மனுஷன் பொழைக்க மாட்டான்."

"அது மனுஷன் இல்லம்மா."

எனக்கு அந்த வித்தியாசம் கடைசிவரை பிடிபடவில்லை. தூசு படிகிறதே என்று அந்தக் கம்ப்யூட்டர் பெட்டிக்கு ஒரு உறை தைத்தேன். நீலத் துணி, ஓரமெல்லாம் ஃப்ரில். ஒரு நாள் ரெண்டர் ஓடிக்கொண்டிருந்தபோது அதைப் போர்த்திவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். காற்று போகிற வழியெல்லாம் அடைபட்டு, பெட்டி பாதியில் நின்றுபோனது. கிஷோர் உறையை உருவிவிட்டு மறுபடி ரெண்டர் போட்டான். அடுத்த மாதம் செவ்வாப்பேட்டையில் ஒரு ரூம் பார்த்துவிட்டான். சுற்றிலும் உலைகள் ஓடுவதால் நம் வீட்டில் வோல்டேஜ் ஏறி இறங்குகிறது, ப்ராசசர் தாங்காது என்று காரணம் சொன்னான். (வோல்டேஜ் ஏறி இறங்குவது உண்மைதான். உறையும் உண்மைதான்.) போகும்போது அந்த உறையை அவனே மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். எனக்காகச் செய்தான் என்பது தெரிந்ததால் இன்னும் வருத்தமாக இருந்தது.

செவ்வாப்பேட்டையும் எங்கள் மாவட்டம்தான். ஆனால் ரயிலில் போக வேண்டுமென்றால் சென்னைக்குள் பேசின் பிரிட்ஜ் வரை போய், வண்டி மாறி, வேறு பாதையில் திரும்பி வர வேண்டும். ஒரே மாவட்டத்துக்குள் இருந்துகொண்டு வெளியூர்க்காரர்கள் ஆனோம். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான். "சாப்ட்டியா?" "சாப்ட்டேன். நீ?" "ஆச்சு." அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச்சு நீளாது.

வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் வீடு அப்படியே இருக்கும். காலையில் நான் வைத்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். யாரும் எதையும் கலைக்காத வீட்டைப் போல அலுப்பானது வேறில்லை. கிஷோர் கம்ப்யூட்டர் வைத்திருந்த மேசையில் பெட்டி இருந்த இடம் மட்டும் தூசு படியாமல் சதுரமாகத் தெரியும். தூசுக்காக உறை தைத்தவள், அந்த மேசையை மட்டும் துடைக்கவில்லை.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். என் போனிலிருந்து அந்த ஆப்பை எடுக்க அவன் மறந்திருந்தான். செவ்வாப்பேட்டையிலிருந்து எண் வந்துகொண்டே இருந்தது.

அதற்குப் பிறகு நான் தனியாக இல்லை என்று நினைத்துக்கொண்டேன். எழுபதில் நின்றால் மும்முரமாக வேலை செய்கிறான். எண்பத்தைந்துக்கு ஏறினால் உடம்பைக் கெடுத்துக்கொள்கிறான். எனக்கு டீகூட இறங்காது. மதியம் ஒரு மணி வாக்கில் விறுவிறுவென்று இறங்கி நாற்பத்திரண்டில் நிற்கும். ஆகா, கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்துவிட்டான் என்று அர்த்தம். உடனே நானும் முதலுதவி அறையில் டிபன் பாக்ஸைத் திறப்பேன். போனை தண்ணீர் பாட்டிலில் சாய்த்து எதிரே வைத்துக்கொள்வேன். இரண்டு பேருமாகச் சாப்பிடுவோம். தலைவலி மாத்திரைக்கு வந்த தொழிலாளி ஒருவர், நான் போனைப் பார்த்து "கொஞ்சம் பொரியல் வச்சுக்க" என்று சொன்னதைக் கேட்டுவிட்டு, மாத்திரை வாங்காமலே போய்விட்டார்.

ஆடி மாதத்தில் ஒரு நாள், வேலைக்கு வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் எண் எண்பத்தெட்டு ஆனது. தொண்ணூற்று நான்கு. தொண்ணூற்றேழு. தொண்ணூற்றொன்பது. அப்புறம் எண்ணே இல்லை. ஒரு சின்னக் கோடு மட்டும் இருந்தது.

அந்தக் கோட்டை நர்ஸுகள் எப்படிப் பார்ப்பார்கள் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

போன் செய்தேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. திரும்பச் செய்தேன். எத்தனை முறை என்று தெரியாது. ஷார்ட் சர்க்யூட், புகை, தூக்கத்திலேயே மயக்கம் என்று மனசு ஒவ்வொன்றாகக் காட்டியது. அன்றைக்குத் தொழிற்சாலை ஆம்புலன்ஸ் சர்வீசுக்காகத் திருவள்ளூர் போவதாக இருந்தது. டிரைவர் முனுசாமி வண்டியைக் கிளப்பும் நேரத்தில் ஓடிப்போய் ஜன்னலைப் பிடித்துக்கொண்டேன். விஷயத்தைக் கேட்டவர், "குந்துங்க சிஸ்டர்" என்றார். லீவு சொல்ல எனக்குத் தோன்றவில்லை. ஆனால் முதலுதவி அறைச் சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு சிலிண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்ளத் தோன்றியது.

பெரியபாளையத்தில் ஆடிக் கூட்டம். வேப்பிலையும் மஞ்சளுமாக ஜனம் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. முனுசாமி சைரனைப் போட்டார். கூட்டம் விலகி, சிலர் வண்டியைப் பார்த்துக் கும்பிட்டார்கள். வழி ஒதுக்கிக்கொண்டிருந்த ஒருவர் ஜன்னலில் எட்டிப்பார்த்து, யாருக்கு என்ன என்று விசாரித்தார்.

"சிஸ்டர் புள்ளைக்கு சூடு ஏறிகினே போவுதுபா," என்றார் முனுசாமி. (நான் சொன்னதில் பாதிதான் அவருக்கு விளங்கியிருந்தது.)

"எவ்ளோ?"

"தொண்ணூத்தொம்போது."

அவர் என்னையும் என் மடியிலிருந்த சிலிண்டரையும் மாறி மாறிப் பார்த்தார். "தொண்ணூத்தொம்போதுக்கா ஆம்புலன்சு? ஒரு மாத்திரைய குட்த்து படுக்க வெக்க வேண்டிதுதான."

செவ்வாப்பேட்டையில் அந்தத் தெருவுக்குள் ஆம்புலன்ஸ் நுழைந்ததும் ஒவ்வொரு வாசலிலும் ஆள் வந்துவிட்டது. கீழ் வீட்டில் இருந்த ஓனரம்மா ஈரத்துணியும் கையுமாக ஓடி வந்தார். காலையிலிருந்து பையனைப் பார்க்கவில்லை என்றார். மாடி ரூம் கதவு இழுத்துச் சாத்தினாலே பூட்டிக்கொள்ளும் வகை. ஆள் உள்ளே இருக்கிறானா இல்லையா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. வேறு சாவியும் இல்லை.

"செருப்பு இங்கியேதான கெடக்குது," என்று ஓனரம்மா வாசலைக் காட்டினார். அவன் செருப்புதான். தட்டினேன். கூப்பிட்டேன். பிறகு முனுசாமியைப் பார்த்தேன். அவர் இரண்டு தடவை தோளால் மோதினார். கதவு போய்விட்டது.

உள்ளே கும்மிருட்டு. ஜன்னலை அட்டை வைத்து அடைத்திருந்தான். மேசைப் பக்கமாக, பெட்டியை ஒட்டி, செக்கச்செவேலென்று ஏதோ கனன்றுகொண்டிருந்தது.

தீயணைப்புப் பயிற்சியில் தொழிலாளிகளுக்கு வகுப்பு எடுப்பவள் நான். சிலிண்டரின் பூட்டு முள்ளை இழு, குழாயைத் தீயின் அடிப்பக்கம் நீட்டு, அழுத்து. இத்தனை வருடங்களில் ஒரு நிஜத் தீயைக்கூட அணைக்க எனக்கு வாய்ப்பு வந்ததில்லை. முள்ளை இழுத்தேன். சிலிண்டர் காலியாகும் வரை விடவில்லை.

பொடி அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. யாரோ லைட்டைப் போட்டார்கள். கட்டிலில் ஆள் இல்லை. மேசைமேல், வெள்ளைப் பொடிக்கு அடியிலிருந்து, கம்ப்யூட்டர் கீபோர்டு சிவப்பு வெளிச்சம் விட்டுக்கொண்டிருந்தது. அழகுக்கு எரிகிற விளக்காம். பெட்டியை அணைத்தாலும் அது அணையாதாம். பெட்டியின் ஒரு பக்கக் கதவு திறந்தே கிடந்ததால், நான் பீய்ச்சியதில் ஒரு பிடிகூட வீணாகாமல் உள்ளே போய்ச் சேர்ந்திருந்தது.

"இன்னாம்மா இது, மாவு மிஷினு மாரி பண்ணிட்ட ஊட்ட," என்றார் ஓனரம்மா.

அப்போது என் போன் அடித்தது. கும்மிடிப்பூண்டியில் பக்கத்து வீட்டுக் கோமளாவின் நம்பர். பேசியது கிஷோர்.

"எங்கம்மா போன? வீடு பூட்டிக்கினு இருக்குது."

"செவ்வாப்பேட்டைல."

"செவ்வாப்பேட்டைல எங்க?"

"உன் ரூம்ல."

கோமளா வீட்டு மிக்சி சத்தம் கேட்டது.

"சாவி என்கிட்டதானம்மா இருக்குது."

"கதவுக்கு சாவி தேவைப்படலடா," என்றேன். அதற்குப் பிறகு அழுதேன். மாடிப்படியில் நின்ற தெரு ஜனம், பையன் போய்விட்டான் போலிருக்கிறது என்று 'உச்' கொட்டியது.

முனுசாமி வண்டியை சர்வீசுக்கு எடுத்துப் போனார். ஓனரம்மா டீ கொடுத்தார். நான் துடைப்பத்தை எடுத்துப் பெருக்க ஆரம்பித்தேன். அந்த ரூமில் நான் கால் வைத்தது அதுதான் முதல் முறை. ஒரு தட்டு, ஒரு டம்ளர், கொடியில் இரண்டு சட்டை. என் வீட்டைப் போலவே யாரும் கலைக்காத வீடு. மூலையில் தண்ணீர் கேன், நான் தைத்த நீல உறையைப் போட்டுக்கொண்டு ஃப்ரில்லோடு நின்றிருந்தது.

கிஷோர் வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. காலில் ஷூ போட்டிருந்தான். பெட்டியைப் பார்த்தான், கதவைப் பார்த்தான், என் தலைமுடியைப் பார்த்தான். திட்டவில்லை. நடந்ததைச் சொன்னான். காலையில் பேஸ்டை மாற்றித் தடவும்போது ஃபேனின் ஒரு திருகை முடுக்க மறந்துவிட்டான். சூடு ஏறி, பெட்டி நின்றுவிட்டது. சரி, வேறு நல்ல ஃபேனே வாங்கலாம் என்று சென்னைக்குக் கிளம்பியவன், பாதித் தூரம் வந்தாயிற்றே, அப்படியே அம்மாவைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கும்மிடிப்பூண்டி வண்டியில் ஏறியிருக்கிறான். போனில் சார்ஜ் இல்லை.

"அது எரியாதும்மா. தாங்க முடியலன்னா அதுவே நின்னுடும். அப்படித்தான் செஞ்சிருப்பாங்க."

சூட்டில் பிழைத்ததை நான் தீயணைப்பில் கொன்றிருக்கிறேன். பெட்டிக்குள்ளே பொடி புகுந்த சர்க்யூட் பலகை பிறகு உயிர் பெறவில்லை.

"ஆமா, சூடு ஏறினது உனக்கு எப்படித் தெரிஞ்சிது?" என்று கேட்டான்.

போனை நீட்டினேன். கோட்டைப் பார்த்தான். அவன் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. கேட்காமலே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எழுபது என்றால் வேலை, எண்பத்தைந்து என்றால் கவலை, ஒரு மணிக்கு நாற்பத்திரண்டு என்றால் அவன் சாப்பிடுகிறான், நானும் சாப்பிடுவேன்.

அவன் போனை என் கையிலேயே திரும்ப வைத்தான்.

"ராத்திரி முழுக்க வேலை செய்யறேன்ல. ஒரு மணிக்கு ரெண்டர் முடிஞ்சு சூடு தானா எறங்கும், நான் தூங்கினு இருப்பேம்மா," என்றான். "மூணு மணிக்குதான் எழுந்து மெஸ்ஸுக்குப் போவேன். போறதுக்கு முன்னாடி ரெண்டர போட்டுட்டுப் போவேன். அப்ப எண்பத்தஞ்சு ஓடும்."

எண்பத்தைந்தைப் பார்த்து நான் டீயை மூடி வைத்துக் கலங்கிய நேரத்தில் எல்லாம் பிள்ளை உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறான். இருவரும் சேர்ந்து சாப்பிடுகிறோம் என்று நான் பொரியல் நீட்டியதெல்லாம் தூங்குகிறவனுக்கு. இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று தெரியவில்லை, ஆனால் முதலில் சிரித்தது நான்தான். என் தலையிலிருந்து பொடி உதிர்வதைப் பார்த்து அவனும் சிரித்தான். பிறகு இருவரும் கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் பார்க்காமல் பெட்டியைத் துடைத்தோம்.

ஆப்பை என் கண் முன்னாலேயே எடுத்துவிட்டான். புதுக் கம்ப்யூட்டரை ஓவர்கிளாக் செய்யவில்லை. அம்மா இருக்கிற மாவட்டத்தில் அந்த ஆபத்து வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறான். எங்கள் உறவில் யாராவது போனை எடுக்காவிட்டால், "சிலிண்டர எடுத்துக்கினு கெளம்பட்டா?" என்று கேட்கிறார்கள். கத்தாரிலிருந்து என் கணவர் இப்போது சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை. "எண்பத்தஞ்சு ஆச்சா?" என்கிறார்.

ஏனென்றால் நான் சிலிண்டரோடு போன நாளுக்கு அடுத்த நாள் மூன்று மணிக்கு என் போனில் கிஷோரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. வேறு ஒரு வார்த்தையும் இல்லை. 85 என்று மட்டும் இருந்தது. அன்றிலிருந்து நானும் மூன்று மணிக்குத்தான் டிபன் பாக்ஸைத் திறக்கிறேன். சில நாள் அவன் மறந்துவிடுவான். சோறு ஆறிப்போகும், நான் போனைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். அப்போதெல்லாம் கண் தானாகச் சுவர்ப் பக்கம் போகும். அங்கே புது சிலிண்டர் தொங்குகிறது. முனுசாமி அதை என் கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டி வைத்திருக்கிறார்.