இன்ஜினுக்கு வரன் பார்த்தவர்

பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டங்களையும் சல்லடை போட்டுச் சலித்தாலும், டீசல் இன்ஜினுக்கு வரன் பார்க்கிற மனிதர் ஒரே ஒருவர்தான் கிடைப்பார். அவர் என் தலையில் வந்து விடிந்தார். பாடாலூரில் நெடுஞ்சாலை ஓரமாகத் தகர ஷெட் போட்டிருக்கும் மெக்கானிக். சொந்தப் பெயரை அவரே மறந்திருப்பார். ஊர் அவரைச் சம்பந்தி என்றுதான் கூப்பிடுகிறது. பழைய இன்ஜினை விற்கிறவரையும் வாங்குகிறவரையும் சம்பந்தி, சம்பந்தி என்று அழைத்து அழைத்து, கடைசியில் அந்தப் பட்டம் அவருக்கே வந்து சேர்ந்துவிட்டது.

நான் பெரம்பலூரில் சாமியானா, நாற்காலி, சமையல் பாத்திரம் வாடகைக்கு விடுகிறவன். கல்யாணம் யாருக்கோ, முதுகுவலி எனக்கு. என்னிடம் இருந்தது ஒரே ஒரு பிக்கப். ஆனி மாதத்தில் அது செட்டிகுளம் ரோட்டில் கரும்புகையைக் கக்கிவிட்டு நின்றது. இன்ஜினில் விரிசல், கியர்பாக்ஸும் கூடவே போய்ச் சேர்ந்தது. புது வண்டி வாங்க வக்கில்லை. ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு அரியலூர் மண்டபம் ஒன்றில் பெரிய கல்யாணம் ஒப்புக்கொண்டிருந்தேன். அதற்குச் சாமான் போய்ச் சேராவிட்டால் அந்த மண்டபத்து வேலை முழுக்கக் கைமாறிவிடும். பிறகு கடையை மூடிவிட்டு, சிமெண்ட் ஆலையில் வாட்ச்மேனாக இருக்கும் மச்சான் பக்கத்தில் நானும் ஒரு ஸ்டூல் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஆகவே பழைய இன்ஜினும் கியர்பாக்ஸும் வாங்கி மாட்டுவது என்று முடிவு செய்தேன். பாடாலூர் சம்பந்தியிடம் போ என்று எனக்குச் சொன்ன புண்ணியவான் அதற்கப்புறம் என் கண்ணில் படுவதே இல்லை.

அரியலூரில் வண்டி உடைக்கிற இடத்தில் ஓர் இன்ஜின் தயாராகவே கிடந்தது. என் வண்டி மாடலேதான். தூக்கி வந்து மாட்ட வேண்டியதுதான் பாக்கி. சம்பந்தி அதைச் சுற்றி வந்தார், ஆயிலைத் தொட்டு மோந்தார், தட்டிப் பார்த்தார், குறை ஒன்றும் இல்லை என்றார். பிறகு அதை ஓட்டிய டிரைவர் வீடு எங்கே என்று கேட்டார். எதற்கு என்றேன்.

"என்ன சம்பந்தி இப்படிக் கேக்குறீங்க? எந்தக் கையில வளந்துச்சுன்னு தெரியாம எப்படி வூட்டுக்குள்ள சேக்குறது?"

போனோம். நேரே வீட்டுக்குப் போகவில்லை. பெண் பார்க்கிறவர்கள் முதலில் அக்கம்பக்கம் விசாரிப்பார்கள் இல்லையா, அந்த முறைப்படி தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்தார். ஆள் எப்படி, கோபக்காரரா, எதையும் பொறுமையாகச் செய்வாரா என்று கேட்டார். டீக்கடைக்காரர் மாப்பிள்ளை விசாரணை என்று நினைத்து, ஐயோ அவருக்கு ஏற்கெனவே ரெண்டு பிள்ளைகள் இருக்கே என்று பதறிவிட்டார். அப்புறம் டிரைவர் வீட்டுக்குப் போனோம். அவர் பாவம், ஒன்றும் புரியாமல் காபி கொடுத்து அனுப்பினார். வெளியே வந்ததும் சம்பந்தி இந்த இடம் சரிப்படாது என்றார். டிரைவர் வாசலில் கழற்றிப் போட்டிருந்த செருப்பு ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே பார்த்தபடி கிடந்ததாம். கியர் மாற்றுகிற லட்சணமும் அப்படித்தானே இருந்திருக்கும் என்றார்.

அவர் வேண்டாம் என்ற அந்த இன்ஜினைச் செட்டிகுளத்துச் சின்ன வெங்காய வியாபாரி ஒருவர் மறுநாளே தூக்கிப்போனார். இன்றுவரை அது ஒரு தும்மல் போட்டதில்லை. மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டு தினமும் காலையில் என் கடை வாசல் வழியாகத்தான் போகிறது. வேண்டுமென்றே ஹாரன் அடிக்கிறார் என்றுதான் நினைக்கிறேன்.

ஆடி மாதம் முழுக்க இதே பிழைப்பு. ஓர் இன்ஜினை, விற்கிறவர் சிரித்துக்கொண்டே விற்கிறார் என்று தள்ளினார். இன்னொன்று பல வண்டி மாறியதாம், எங்கேயும் நிலைத்து வாழவில்லை என்றார். எனக்குப் பொறுமை போய்விட்டது. உங்கள் கல்யாணத்துக்கு யாராவது இந்தப் பாடு விசாரித்தார்களா என்று கேட்டேன்.

"யாரும் வரவே இல்லியே சம்பந்தி" என்றார், ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே. "வந்திருந்தா நல்லபடியாத்தான் சொல்லியிருப்பாங்க."

கல்யாணமே ஆகாத அந்த மனிதரை அதற்கு மேல் எப்படித் திட்டுவது? பஸ் ஏறினேன்.

கடைசியில் ஏலாக்குறிச்சிப் பக்கம் ஓர் இடம் அமைந்தது. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர், வயலுக்கென்று பிக்கப் வைத்திருந்தார். காற்றில் புளியமரம் சாய்ந்து வண்டியின் கூரை நசுங்கிவிட்டது. இன்ஜின் மட்டும் தப்பித்தது. அதைத் தர மனசில்லாமல், கண்ணில் தண்ணீரோடு நின்றார் வாத்தியார். சம்பந்தி முகம் மலர்ந்துவிட்டது. அழுதுகொண்டே அனுப்புகிற வீடுதான் நல்ல வீடு என்பது அவர் கட்சி. அது வேறு மாடல், என் வண்டிக்குப் பொருந்தாது என்று நான் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. பெண்ணுக்குத் துணையாக அந்த வண்டியின் கியர்பாக்ஸும் வந்தது. காலையில் கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டு அப்புறம் எடுங்கள், அவசரப்படுத்தாதீர்கள் என்று வாத்தியார் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சொன்னார். மாமியார் மாதிரி நானும் தலையாட்டினேன்.

வந்த மருமகள் வீட்டுக்குள் நுழையவே மாட்டேன் என்றாள். செயின் பிளாக்கில் தொங்கவிட்டு இறக்கிப் பார்த்தால், இன்ஜின் உட்கார வேண்டிய இடம் ஒரு சாண் தள்ளி இருந்தது. சம்பந்தி அந்த இடத்து இரும்பை வெட்டி ஒட்டினார். கியர்பாக்ஸ் நீளம் அதிகம். பின் சக்கரத்துக்குப் போகிற தண்டை லேத்தில் கொடுத்துக் குறைத்தோம். கியர் கம்பி டிரைவர் சீட்டிலேயே வந்து முளைத்தது; சீட்டை அரைவட்டமாக அறுத்தார். நான் தலையில் கையை வைத்து உட்கார்ந்திருந்தேன். புது மருமகள் வந்தால் வீட்டைக் கொஞ்சம் மாற்றத்தான் வேண்டும் என்று ஆறுதல் வேறு சொன்னார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் வண்டி தயாரானது. கற்பூரம் காட்டி, முன் சக்கரத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார். முதல் அடி முன்னால்தான் வைக்க வேண்டும், பழம் நசுங்க வேண்டும், அதில் அவர் ரொம்பக் கண்டிப்பு. வேறு யாரையும் நம்பாமல் தானே ஏறி உட்கார்ந்தார். என் வண்டியில் முதல் கியர் இருந்த இடத்தில் வாத்தியார் கியர்பாக்ஸில் ரிவர்ஸ் இருந்தது. மாட்டியவருக்கே அது மறந்துபோய்விட்டது. வண்டி வீரிட்டுக்கொண்டு பின்னால் போய், அவருடைய மொபெட்டின் மேல் ஏறி நின்றது. பழம் முழுசாக இருந்தது.

சம்பந்தி இறங்கினார். மொபெட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பானெட்டை மெதுவாகத் தடவிக் கொடுத்தார்.

"பொறந்த வூட்டு ஞாபகம் சம்பந்தி. போகப் போகச் சரியாயிடும்."

மறுநாள் விடிகாலையில் நாற்காலியும் அண்டாவும் ஏற்றி முடித்தபோது, வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் சம்பந்தி கடை வாசலில் நின்றார். பெண்ணை அனுப்பிவிட்டு எப்படி வீட்டில் உட்கார்ந்திருப்பது என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். அரியலூர் ரோட்டில் சிமெண்ட் லாரிகளுக்கு நடுவே நான் ஒவ்வொரு தடவை கியர் மாற்றும்போதும் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கும் மூடிக்கொள்ள ஆசைதான். ஏற்றத்தில் முழு லோடோடு இது நிச்சயம் நிற்கும், நாம் வாட்ச்மேன்தான் என்று முடிவே கட்டிவிட்டேன். நிற்கவில்லை. ஒரு முக்கல் முனகல் இல்லாமல் மண்டபத்து வாசலில் கொண்டுபோய் விட்டது. சாமான் எல்லாம் இறங்கியதும், அடுத்த முகூர்த்தமும் நீங்கதான் என்று மண்டபத்து மேனேஜர் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். நான் கவிழ்த்த அண்டா ஒன்றின் மேல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே இல்லை.

சாமான் கொண்டுவருகிறவர்கள் கடைசிப் பந்தியில்தான் சாப்பிடுவது வழக்கம். சம்பந்தி அது தெரியாமல் முதல் பந்திக்குள் நுழைந்துவிட்டார். பந்தி பார்க்கிறவர் அவருடைய கறுத்த நகங்களைப் பார்த்துவிட்டு, வண்டிக்காரங்கல்லாம் அப்புறம் என்று வழிமறித்தார். மனிதர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு திரும்பினார். அதைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது.

"இவரு எங்க வூட்டுப் பெரிய மனுசன். மொதப் பந்தியிலதான் சாப்புடுவாரு" என்றேன்.

கையைப் பிடித்து அழைத்துப்போய் உட்கார வைத்து, பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். சாம்பார் வருவதற்குள் சம்பந்தி போனை எடுத்து, ஏலாக்குறிச்சி வாத்தியாரிடம் பேசினார்.

"சம்பந்தி, நல்லபடியாக் கொண்டாந்து வுட்டாச்சு. ஒண்ணும் கவலப்படாதீங்க. தங்கமான எடம்."

போனை வைத்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிட ஆரம்பித்தார். முதலில் அப்பளத்தைத்தான் எடுத்து நொறுக்கினார். ஒரே வாயில் காணாமல் போயிற்று. பரிமாறுகிறவர் தாண்டிப் போய்விட்டார். நான் என் அப்பளத்தை எடுத்து அவர் இலையில் வைத்தேன்.